ஐஸை நம்பாத மிஸ்

பிரிட்ஜின் கதவைச் சாத்தியதும் உள்ளே எரிகிற லைட் அணைந்துவிடும் என்று நாம் எல்லோரும் நம்பிக்கொண்டு இருக்கிறோம். நான் அறிந்த ஆட்களில் அதை நம்பாத ஒரே ஆள் மிஸ். ஒருநாள் தன் போனில் வீடியோப் பதிவை ஓடவிட்டு, அதை ஆய்வுகூடத்துப் பிரிட்ஜின் நடுத்தட்டில் நிமிர்த்தி வைத்துக் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துப் பார்த்தார். லைட் அணைந்துதான் இருந்தது. "சரி, இது அணையுது" என்றவர், போனைத் துடைத்துக்கொண்டு அடுத்த பிரிட்ஜுக்குப் போனார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிது.

கிளிநொச்சியில் ஒரு வாடகை வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகள்தான் எங்கள் ஆய்வுகூடம். டெங்கு வந்து சுகமான ஆட்களின் இரத்தத்தை ஊர் ஊராகப் போய் எடுப்போம். அதிலிருந்து வெள்ளை இரத்தக் கலங்களைப் பிரித்து, உறையவைத்து, கொழும்புக்கு அனுப்புவோம். அந்த வேலைக்கெல்லாம் பொறுப்பு மிஸ். யாழ்ப்பாணத்துக்காரர். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். நாற்பதைத் தாண்டிய மெலிந்த உடம்பு, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி, காலில் எப்போதும் சத்தம் போடாத செருப்பு. நான் அவருக்கு உதவியாளன். வருகிற இரத்தத்தைப் பொறுப்பெடுப்பது, சுழற்றும் மெசினைப் பார்ப்பது, திரவ நைதரசன் ஊற்றுவது, ஜெனரேட்டருக்கு டீசல் அடிப்பது எல்லாம் என் தலையில். இப்போது அந்த ஆய்வும் முடிந்துவிட்டது, அவரும் எங்கேயோ போய்விட்டார். அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால், "ஆரைக் கேட்டு எழுதினனீர்?" என்று எந்த நாட்டிலிருந்தாவது ஒரு போன் வரும்.

"பாத்ததோ, கேட்டதோ?" இதுதான் அவர் வாயில் எப்போதும் நிற்கிற கேள்வி.

"மிஸ், கரண்ட் வந்திட்டுதாம்" என்றால், "பாத்ததோ, கேட்டதோ?" "டிரைவர் அண்ணை பரந்தன் தாண்டிட்டாராம்" என்றால், அதற்கும் அதே கேள்வி. கடைக்காரர் பேக்கரிப் பாணை நீட்டி, "இப்பதான் இறக்கினது மிஸ்" என்று சொன்னால் பாணைத் தொடமாட்டார். பாண் கொண்டுவந்த ஓட்டோக்காரரைத் தேடிப் போய்க் கேட்பார். கனகராயன்குளம் போவதற்கு வவுனியா பஸ்ஸில் ஏறுவோம். பஸ்ஸின் நெற்றியில் வவுனியா என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதை வாசித்துவிட்டு கொண்டக்டரைக் கேட்பார். ஏறி இருந்த பிறகு பக்கத்தில் இருக்கிற அம்மாவிடம், "நீங்கள் எங்கை போறியள்?" என்று சும்மா கதைப்பது போலக் கேட்பார். இரண்டு பதிலும் பொருந்தினால்தான் முதுகைச் சாய்ப்பார்.

அவரோடு வேலை செய்வது லேசான விஷயம் இல்லை. ஒரே கேள்வியைக் காலையில் ஒரு விதமாகவும் மத்தியானம் வேறு விதமாகவும் கேட்பார். குற்றம் ஒன்றும் செய்யாதவனும் அவர் முன்னால் போனால் ஏதாவது செய்துவிட்டோமோ என்று சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பான். டிரைவர் அண்ணைக்கு அவர் மேல் தீராத கடுப்பு. "இந்த மனிசி ஏன் கலியாணம் கட்டேல்லை தெரியுமோ? மாப்பிளையை முதல் உறையவைச்சு, உருக்கிப் பாத்து, உயிரோடை எழும்பினால்தான் கட்டுவன் எண்டு நிண்டிருப்பா" என்பார். நான் சிரிப்பேன். சிரித்துவிட்டு, மிஸ் எங்கே நிற்கிறார் என்று திரும்பிப் பார்ப்பேன். அந்தச் செருப்புக்குத்தான் சத்தம் இல்லையே.

நாங்கள் இல்லாத நேரத்தில் பிரீசர் என்ன செய்கிறது என்பது அவருக்குப் பெரிய கவலை. கரண்ட் போய், உள்ளே இருப்பது உருகி, நாங்கள் வருவதற்கு முன் கரண்ட் திரும்பி வந்து, எல்லாம் மறுபடி உறைந்துவிட்டால் யாருக்குத் தெரியும்? அதற்கு அவர் ஒரு வேலை செய்தார். ஒவ்வொரு பிரீசரிலும் ஒரு கோப்பைத் தண்ணீரை உறையவைத்து, அதன் மேலே ஒரு நாணயக் குற்றியை வைத்தார். ஐஸ் உருகினால் குற்றி கீழே போய்விடும். திங்கட்கிழமை காலையில் வந்ததும் அவர் முதலில் பார்ப்பது குற்றி எங்கே இருக்கிறது என்றுதான். எங்களுக்குக் காலை வணக்கம் சொல்வது அதற்குப் பிறகு.

இவ்வளவு சந்தேகமும் எதற்காக என்று சொல்லவேண்டும். எங்கள் இரத்தத்தில் இருக்கிற ஒரு சாதிக் கலம்தான் கிருமிகளைப் பிடிக்கிற பிறபொருளெதிரிகளைச் செய்கிறது. ஒவ்வொரு கலமும் ஒவ்வொரு விதம் செய்யும். நான் முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவன், எனக்கு இது சுகமாக விளங்கியது. சூடை மீனுக்கு ஒரு வலை, நண்டுக்கு ஒரு வலை, இறாலுக்கு ஒரு வலை. நாளைக்கு எந்தக் கிருமி வரும் என்று உடம்புக்குத் தெரியாது. ஆகவே எத்தனை விதமான வலை கைவசம் இருக்கிறதோ அத்தனைக்கு அத்தனை நல்லது. ஒருவரின் இரத்தத்தில் எத்தனை விதம் இருக்கிறது என்று எண்ணுகிற மெசின் கொழும்பில் இருந்தது. கலங்கள் அங்கே போய்ச் சேரவேண்டும். உறையவைக்காமல் அனுப்பினால் வழியிலேயே செத்துவிடும்.

மிஸ் நம்பாதது அந்த உறையவைப்பைத்தான்.

"உறையவைக்கிறது எண்டால் நித்திரையாக்கிறது எண்டு நினைக்கிறீர் என்ன?" என்று ஒருநாள் கேட்டார். "இல்லைத் தம்பி. அது அரைச் சாவு. உருக்கேக்கை கொஞ்சம் எழும்பும், கொஞ்சம் எழும்பாது. எழும்பாமல் போனது எந்த விதம் எண்டு எங்களுக்குத் தெரியாது. எழும்பினதை மட்டும் எண்ணிப்போட்டு, இவ்வளவுதான் இந்த ஆளிட்டை இருந்தது எண்டு எழுதினால் அது பொய் எல்லோ?"

உறையவைப்பது மெதுவாக நடக்கவேண்டும், உருக்குவது கெதியாக நடக்கவேண்டும். உருக்குகிற நேரத்தில் மிஸ்ஸோடு ஒருவரும் கதைக்கக்கூடாது. நைதரசனுக்குள் இருந்து எடுத்த சிறு குழாயை இளஞ்சூட்டுத் தண்ணீரில் பிடித்து ஆட்டிக்கொண்டே இருப்பார். உள்ளே பருக்கையளவு ஐஸ் மிச்சம் இருக்கும்போதே வெளியே எடுத்துவிடுவார். பிறகு ஒரு துளி நீலச் சாயம் விட்டு நுணுக்குக்காட்டியில் பார்ப்பார். செத்த கலம் சாயத்தைக் குடித்து நீலமாகிவிடும். உயிருள்ளது குடிக்காது, வெளிச்சமாக நிற்கும். அவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு இருக்கிற நேரத்தில் அந்த முகத்தைப் பார்த்தால், சனத்தைப் பார்க்கும்போது இல்லாத ஒரு பரிவு தெரியும்.

இன்னொரு கட்டளையும் இருந்தது. எடுத்த இரத்தத்தைக் கலம் பிரிக்கும் வரைக்கும் குளிரவைக்கக்கூடாது. அறையில் இருக்கிற சாதாரண சூட்டிலேயே ஆய்வுகூடத்துக்கு வந்துசேரவேண்டும். பிரிக்கமுதல் குளிரில் கிடந்தால் கலங்கள் நொந்துபோய்விடும், பிறகு எவ்வளவு கவனமாக உறையவைத்தாலும் உருக்கும்போது சாகும். இதை டிரைவர் அண்ணைக்கும் நேர்ஸுக்கும் எத்தனை தரம் சொன்னார் என்பதற்குக் கணக்கு இல்லை. எங்கள் கரைப்பக்கத்துக்கு மிஸ் வருவதில்லை, அவர்கள் இரண்டு பேரும்தான் போய் எடுத்துவருவார்கள்.

கொழும்பிலிருந்து முதல் முடிவு வந்த அன்று மிஸ் தன் அறைக் கதவைச் சாத்திவிட்டு ஆங்கிலத்தில் நெடுநேரம் போனில் கதைத்தார். எனக்கு நல்லதாகப் படவில்லை. கதவுக்குப் பக்கத்தில் இருந்த மேசையைத் துடைத்துக்கொண்டே நின்றேன். எங்கள் ஊரின் பெயர் இரண்டு தரம் கேட்டது.

விஷயம் இதுதான். கனகராயன்குளம், முள்ளியவளை போன்ற வயல் ஊர்ச் சனத்தின் இரத்தத்தில் பிறபொருளெதிரி விதங்கள் நிறைய இருந்தன. எங்கள் கரையோர ஊரில் மட்டும் படுமோசமான குறைவு. கொழும்பில் இருந்த பேராசிரியர் அதற்கு ஒரு விளக்கமும் சொல்லியிருந்தார். போர்க்காலத்துப் பட்டினி, இடப்பெயர்வு, கடைசிவரைக்கும் அந்தக் கரையில் சிக்கிக் கிடந்தது எல்லாம் சேர்ந்து அந்தச் சனத்தின் எதிர்ப்புச் சக்தியைத் தின்றிருக்கலாம் என்று. கேட்க எனக்கே உண்மை போல இருந்தது.

மிஸ் மட்டும் உதட்டைப் பிதுக்கினார். "வடிவான கதை. வடிவான கதை எண்டாத்தான் எனக்குப் பயம்."

அந்தக் கதை எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துசேர அதிக நாள் எடுக்கவில்லை. என் தங்கச்சிக்கு வவுனியாவில் ஒரு மாப்பிள்ளை பேசி முடிந்திருந்தது. எங்களைப் போல வேதக்காரக் குடும்பம், நல்ல சனம், பொடியனும் பொம்பிளையும் கதைத்துப் பிடித்துப்போய், கோயிலில் கலியாண ஓலை கூறுவதற்குப் பங்குச் சுவாமியிடமும் சொல்லியாகிவிட்டது. ஒருநாள் மாப்பிள்ளையின் தாய் அம்மாவுக்குப் போன் எடுத்தார்.

"ஒண்டும் பிழையா நினையாதேங்கோ. உங்கடை ஊர்ச் சனத்தின்ரை ரத்தத்திலை ஏதோ குறைவாம் எண்டு கேள்விப்பட்டம். பிறக்கப்போற பிள்ளையளையும் யோசிக்கவேணும் எல்லோ. அந்தச் சோதினை வடிவா முடியட்டும். பிறகு திகதியைப் பாப்பம்."

அம்மா போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் இருந்துவிட்டார். தங்கச்சியின் இரத்தமும் அந்தக் குழாய்களுக்குள் இருந்தது. நான்தான் அவளைக் கொடுக்கச் சொன்னேன் என்று அவள் சொல்லிக் காட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் நான் மிஸ்ஸின் அறைக்குள் கதவைத் தட்டாமல் போனேன். "எங்கடை ஊர்க் கதையை வெளியிலை விட்டது ஆர் மிஸ்? நீங்களோ?"

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். "என்னைச் சந்தேகப்படுறது சரி. நானும் இந்தக் கதை தெரிஞ்ச ஆள்தானே. ஆனால் பாத்ததோ, கேட்டதோ?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மேசையைப் புரட்டியிருப்பேன். பிறகு தெரிந்தது, பேராசிரியர் நடத்திய ஒரு கூட்டத்தில் இருந்த யாரோ மாப்பிள்ளை வீட்டுக்குச் சொந்தம் என்று. ஆனால் அன்று எனக்கு மிஸ் மேல்தான் சந்தேகம். வந்து இரத்தம் எடுத்தார்கள், பெயர் எழுதினார்கள், இப்போது ஒரு பட்டமும் கட்டிவிட்டார்கள் என்றுதான் மனம் சொன்னது. எங்கள் பக்கத்தில் பெயர் எழுதிக்கொண்டு போனவர்களால் நன்மை கண்டவர்கள் குறைவு.

"அறிக்கை போகமுதல் எனக்குக் கொஞ்சக் காலம் தந்திருக்கினம்" என்றார் மிஸ். "கையை நீட்டும்."

என் இரத்தத்தையும் தன் இரத்தத்தையும் அவரே எடுத்தார். ஒவ்வொன்றையும் மூன்று பங்காக்கினார். இரண்டு பங்கை உறையவைக்காமல், கலங்கள் உயிரோடு இருக்கும்போதே மருந்தில் கரைத்துப் பதப்படுத்தினார். ஒரு பங்கை மட்டும் உறையவைத்து, சில நாள் விட்டு உருக்கினார். உறைந்து உருகிய பங்கில் விதங்கள் குறைந்திருந்தால் ஐஸ்தான் கள்ளன் என்று பிடித்துவிடலாம். இரண்டு பங்கை ஏன் உறையவைக்காமல் விட்டார் என்று கேட்டேன். "அதுகள் ரெண்டும் ஒண்டுக்கொண்டு பொருந்துதோ எண்டு பாக்கவேண்டாமோ?" என்றார்.

கொழும்பிலிருந்து முடிவு வந்தபோது நான் எதிர்பார்த்தது நடக்கவில்லை. உறைந்து உருகிய பங்குக்கும் மற்றதுகளுக்கும் வித்தியாசம் இருந்தது உண்மை. ஆனால் உறையாத இரண்டு பங்குக்கும் இடையிலேயே ஏறக்குறைய அதே வித்தியாசம் இருந்தது. ஒரே பானைக் கூழில் இரண்டு அகப்பை அள்ளினால் ஒன்றில் நண்டுக் கால் வரும், மற்றதில் பலாக்கொட்டை வரும், அவ்வளவுதான். நிறைய இருக்கிற விதங்கள் எல்லாப் பங்கிலும் இருந்தன. அரிதாக இருப்பதுகள் ஒரு பங்கில் அகப்பட்டு மற்றதில் தவறின. ஒழுங்காக உறையவைத்து ஒழுங்காக உருக்கினால் ஐஸ் பெரிய கேடு ஒன்றும் செய்யவில்லை. என் இரத்தத்திலும் குறை இல்லை.

"அப்ப எங்கடை ஊர் தப்பிட்டுதோ மிஸ்?"

"ஒராளை வைச்சு ஊரைச் சொல்ல ஏலாது" என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னார்.

அதன் பிறகு எங்கள் நைதரசன் கலனில் மிச்சம் வைத்திருந்த குழாய்களை ஊருக்கு ஒன்றாக உருக்கினார். கனகராயன்குளத்துக் குழாயில் நீலம் குறைவு. முள்ளியவளையிலும் அப்படித்தான். எங்கள் ஊர்க் குழாயை வைத்துப் பார்த்தவர், என்னைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினார். நுணுக்குக்காட்டிக்குள் எங்கே பார்த்தாலும் நீலம். வெளிச்சமாக நின்றவை அங்கொன்று இங்கொன்று. உயிரோடு இருக்கிற கலமே கொஞ்சம் என்றால், அதற்குள் எண்ணுகிறவனுக்குக் கொஞ்ச விதம்தானே அகப்படும். கொழும்பு மெசின் எண்ணியது எங்கள் சனத்தின் குறையை இல்லை, செத்துப்போன கலங்களின் மிச்சத்தை.

எனக்கு எழுந்து ஆடவேண்டும் போல இருந்தது. மிஸ் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"குற்றியள் எல்லாம் மேலைதான் இருக்கு. பிரீசரிலை பிழை இல்லை. இதுகளை உறையவைக்கமுதல் ஆரோ என்னவோ செய்திருக்கினம். உம்மடை ஊர்க் குழாயளுக்கு மட்டும்." கொஞ்சம் நிறுத்தினார். "நீர் ஏதும் செய்தனீரோ?"

அந்தக் கேள்வியை என்னால் இன்றைக்கும் முழுதாக மன்னிக்க முடியவில்லை. என் தங்கச்சியின் வாழ்க்கை அந்தக் குழாய்க்குள் இருக்கிறது, நான் போய் அதைக் கெடுப்பேனா? சத்தம் போட்டேன். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். "கேக்கவேண்டிய கேள்வி, கேட்டனான்" என்றார். டிரைவர் அண்ணையிடம் போனார். அந்தக் குழாய்கள் வரும்போது கொஞ்சம் குளிர்ந்திருந்தது மிஸ்ஸுக்கு ஞாபகம் இருந்தது. அப்போதே கேட்டிருக்கிறார், டிரைவர் அண்ணை "வெக்கைக்கு ஏசியைக் கூட்டிப் போட்டனான் மிஸ்" என்று சொல்லி ஏச்சும் வாங்கியிருக்கிறார். இப்போதும் அதையேதான் சொன்னார். மிஸ் தலையாட்டினார். நம்பவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னோடு எங்கள் ஊருக்கு வரப்போவதாகச் சொன்னார். வாகனம் வேண்டாம், பஸ்ஸில் போவோம் என்றார். புதுக்குடியிருப்பு தாண்டும் வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை, மடியில் இருந்த பையையே பார்த்துக்கொண்டு வந்தார். அவருடைய தம்பி ஒருவர் போரின் கடைசி நேரத்தில் அந்தப் பக்கத்தில் காணாமல் போனவராம். இன்ன இடத்தில் கண்டது, இன்ன ஆஸ்பத்திரியில் கண்டது என்று எத்தனையோ பேர் வீடு தேடி வந்து தாய்க்குச் சொன்னார்களாம். ஒவ்வொருவரையும் இருத்தி வைத்துக் கேட்டால், கண்டவர் ஒருவருமில்லை, எல்லோரும் கேள்விப்பட்டவர்கள்தானாம். இதுவும் நான் கேட்டதுதான், பார்த்ததில்லை. அவரிடம் விசாரிக்க எனக்குத் துணிவும் வரவில்லை.

வீட்டில் அம்மா தேத்தண்ணி கொடுத்தார். தங்கச்சி வணக்கம் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். மிஸ் வந்திருப்பது அறிந்து சம்மாட்டியார் வந்தார். நான்கு வள்ளம் வைத்திருக்கிறவர், பெரிய உடம்பு, பெரிய குரல், ஊரில் ஒரு நல்லது கெட்டது அவர் இல்லாமல் நடக்காது. இரத்தம் எடுத்த நாட்களில் நேர்ஸுக்கு மேசை கதிரை போட்டதும் அவருடைய மீன் வாடியில்தான். கதிரையில் இருந்ததும் இருக்காததுமாகக் கேட்டார்.

"என்ன மிஸ், நான் போட்டுவிட்ட ஐஸ் கிளிநொச்சி போகுமட்டும் தாங்கினதோ?"

அம்மா சிரித்தார். நான் மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் கோப்பையைக் கீழே வைக்கவும் இல்லை, குடிக்கவும் இல்லை.

"என்ன ஐஸ் ஐயா?"

"நேர்ஸ் பிள்ளை பெட்டியைக் குடுத்திட்டுப் போனாப்போலை பாத்தன், உள்ளை ஒரு துண்டு ஐஸ் இல்லை. மீனுக்கே ஐஸ் போடுற நாங்கள், மனிசற்றை ரத்தத்துக்குப் போடாமல் விடுவமோ? டிரைவர் வேண்டாம் வேண்டாம் எண்டவர். நான் விடேல்லை. எங்கடை ஐஸ் பெட்டியிலை இருந்து நல்ல துண்டுகளா உடைச்சு, குழாயளைத் தாட்டு வைச்சு அனுப்பினனான். வந்த ஒவ்வொரு நாளும்!"

மிஸ் அவரிடம் எவ்வளவு ஐஸ், எந்த நேரம், எந்தப் பெட்டி என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டார். எதற்குக் கேட்கிறார் என்று சொல்லவில்லை. தேத்தண்ணியைக் கடைசிவரைக்கும் குடித்தார். வெளியிடத்தில் அவர் ஒரு கோப்பையை முடித்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் டிரைவர் அண்ணை ஒத்துக்கொண்டார். விசுவமடுவுக்குக் கிட்ட வாகனத்தை நிறுத்தி, ஐஸையும் தண்ணீரையும் ரோட்டோரம் கொட்டி, பெட்டியைத் துடைத்துக் காயவைத்துத்தான் ஒவ்வொரு நாளும் கொண்டுவந்திருக்கிறார்.

"ஏன் அண்ணை எனக்குச் சொல்லேல்லை?"

"உங்களுக்குப் பயத்திலைதான் மிஸ்" என்றார் அவர். "சம்மாட்டியாருக்கும் முகம் முறிக்க ஏலாது. உங்களிட்டைச் சொன்னால் நீங்கள் என்னைக் கள்ளன் மாதிரிக் கேப்பியள். கொட்டிப்போட்டு வந்தால் ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லை எண்டு நினைச்சன்."

அவரை மிஸ் ஏசுவார் என்று காத்துக்கொண்டு நின்றேன். ஏசவில்லை. அறைக்குள் போனார். கதவைச் சாத்தவில்லை. நெடுநேரம் ஒரு வேலையும் செய்யாமல் இருந்தார். அவரை அப்படி நான் கண்டதில்லை.

பேராசிரியரோடு கதைத்தார். கெட்டுப்போன குழாய்களை அறிக்கையிலிருந்து எடுப்பதற்கு அவர் சம்மதித்தார். ஆனால் எங்கள் ஊரைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டால், குறைவு என்று பரவிய கதை அப்படியே நிற்கும். வவுனியாவில் மாப்பிள்ளையின் தாயும் அதையேதான் பிடித்துக்கொண்டு நிற்பார். திரும்ப இரத்தம் எடுத்தால்தான் வழி. ஊரோ கொதித்துப்போய் இருந்தது. "ஒருக்கால் குடுத்து மானம் போனது காணும்" என்று வாசலிலேயே சொன்னார்கள்.

பூசை முடிந்த பிறகு கோயில் மண்டபத்தில் சனத்தைக் கூட்டித் தந்தார் சுவாமி. மிஸ் எழுந்து நின்றார். கையில் ஒரு கடதாசியும் இல்லை.

"உங்கடை ரத்தத்திலை குறைவு எண்டு ஒரு கதை வந்தது. அந்தச் சோதினை பிழை. குழாயளுக்கை இருந்த கலங்கள் வழியிலேயே நொந்து, உருக்கேக்கை செத்துப்போச்சுது. செத்ததை வைச்சு உங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறம். பிழை எங்கடை பக்கம். திரும்ப எடுக்கவேணும். இதைக் கேக்கத்தான் வந்தனான்."

மண்டபம் இரைந்தது. ஒருவர், முதல் சரி என்றவர்கள் இப்போது பிழை என்றால் நாளைக்கு என்ன சொல்வார்கள் என்று கேட்டார். இன்னொருவர், எங்கள் இரத்தத்தை வெளிநாட்டுக்கு விற்கிறீர்களா என்று கேட்டார். பின்னால் இருந்து சம்மாட்டியார் எழும்பினார். அவருடைய குரல் அன்று பெரிதாக இல்லை.

"மிஸ், வழியிலை நொந்தது எண்டு சொன்னியள். அண்டைக்கு என்னட்டை ஐஸைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டியள். என்ரை ஐஸாலையோ?"

நான் மிஸ்ஸைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினேன். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்த மனிசன் அன்பில் செய்த வேலை. ஊர் முழுக்க இருக்கிற இடத்தில் அவருடைய தலை குனிந்தால், பிறகு ஒருவரும் கையை நீட்டப்போவதில்லை.

"ஓம்" என்றார் மிஸ்.

சனம் சம்மாட்டியாரைத் திரும்பிப் பார்த்தது.

"ஓம் ஐயா, ஐஸாலைதான். மீனுக்கு நல்லது இந்தக் கலத்துக்குக் கூடாது. அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்? ஆரும் சொன்னவையோ? சொல்லவேண்டிய ஆள் நான். ஆக்கள் என்னட்டை உண்மை சொல்லப் பயப்பிடுற மாதிரி நான் இருந்திருக்கிறன். ஒருநாள் எண்டாலும் இஞ்சை வந்து உங்களோடை நிண்டிருந்தால், நீங்கள் ஐஸ் உடைக்கேக்கையே சொல்லியிருப்பன். எல்லாரையும் சந்தேகப்பட்டனான். என்னை மட்டும் விட்டிட்டன்."

எங்கள் ஊருக்கு எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். கணக்கெடுத்திருக்கிறார்கள், படம் பிடித்திருக்கிறார்கள், எங்களைப் பற்றி எங்களுக்கே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்து நான்தான் பிழை என்று சொன்ன ஆளை அந்தச் சனம் அதுவரை கண்டதில்லை. சம்மாட்டியார் சேர்ட் கையை மடித்துக்கொண்டே முன்னுக்கு வந்து, "என்ரையை முதல் எடுங்கோ" என்றார்.

அவருக்குப் பின்னால் வரிசை மெல்ல மெல்லச் சேர்ந்தது. தங்கச்சியும் வந்தாள். கதிரையில் இருந்துகொண்டு, கையை நீட்டாமல், மிஸ்ஸின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"இந்த முறையும் குறைவா வந்தால் என்ன செய்வியள்?"

"வந்தால் அப்பிடியே எழுதுவன் பிள்ளை."

தங்கச்சி கையை நீட்டினாள். எனக்குத்தான் பார்க்க முடியவில்லை, வெளியே போய் நின்றேன்.

அன்று மிஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே கிளிநொச்சிக்கு வந்தார். கொழும்புக்கு அனுப்பும்போது குழாய்களில் ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு வெறும் இலக்கம் மட்டும் ஒட்டினார், எண்ணுகிறவருக்கு எது எந்த ஊர் என்று தெரியக்கூடாதாம். பிறகு காத்திருந்தோம். மாரி தொடங்கி, எங்கள் வீட்டு முற்றத்தில் தண்ணீர் நின்ற ஒரு பின்னேரம் அவருடைய போன் வந்தது.

"தம்பி, முடிவு வந்திட்டுது. உங்கடை ஊரும் மற்ற ஊருகளைப் போலத்தான். ஒரு குறைவும் இல்லை."

அந்தப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"எனக்குச் சரியான சந்தோசம் தம்பி" என்றார். "அதாலைதான் இன்னொருக்கா எண்ணச் சொல்லியிருக்கிறன்."

தங்கச்சிக்கும் அம்மாவுக்கும் வவுனியாச் சம்பந்திக்கும் நான் முதல் பாதியை மட்டும் சொன்னேன்.